சைக்கிள் டிஸ்க் பிரேக் ஏன் உரசுகிறது?

சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டுகிறீர்கள். மீண்டும் மாட்டிச் சுழற்றிப் பார்க்கிறீர்கள். 'சர்... சர்...' என்று ஓர் ஓசை கேட்கிறது. கழற்றுவதற்கு முன்பு இந்த ஓசை இல்லை. டயர் எதிலும் தொடவில்லை; மட்கார்டும் உரசவில்லை. குனிந்து பார்த்தால், சக்கரத்தின் நடுவே உள்ள எஃகுத் தட்டு பிரேக்கில் உரசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. பின் எப்படி அது கெட்டது?

பழைய சைக்கிள்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். கட்டைக்கும் விளிம்புக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சக்கரம் சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலும் யாருக்கும் தெரியாது. இன்று மாணவர்கள் ஓட்டும் சைக்கிள்களில் பலவற்றில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதனோடு இந்த உரசலும் வந்துவிட்டது.

ஓசை கேட்டவுடன் கண்ணில் படும் திருகுகளையெல்லாம் தளர்த்தி, ஓசை நிற்கும் வரை எதையாவது நகர்த்துவது பலரின் வழக்கம். ஓசை நின்றுவிடும். ஆனால் அந்த ஓசை ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். 'சக்கரம் தன் இடத்தில் சரியாக அமரவில்லை' என்று அது சொல்லியிருக்கலாம். அதைக் கேளாமல் வாயை அடைத்துவிட்டால் வரும் ஆபத்து சிறிதன்று. ஆகவே முதலில் காரணத்தை அறிவோம். பிறகு கைவேலையில் இறங்குவோம்.

தட்டும் பேடும்

டிஸ்க் பிரேக்கின் அமைப்பு எளியது. சக்கரத்தின் ஹப்புடன் ஓர் எஃகுத் தட்டு பிணைக்கப்பட்டிருக்கும். அதன் விட்டம் பெரும்பாலும் 160 மில்லிமீட்டர். தடிப்போ புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர்தான். ஃபோர்க்கில் பொருத்தப்பட்ட காலிப்பர் என்னும் கவ்வி, இத்தட்டை இரு பக்கமும் அணைத்தபடி நிற்கும். கவ்விக்குள் இரண்டு பேடுகள் உள்ளன. பிரேக் லீவரை அழுத்தினால் பேடுகள் தட்டை இறுகப் பிடிக்கின்றன. உராய்வினால் சைக்கிளின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, சக்கரம் நிற்கிறது.

இந்த ஏற்பாடு புதியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றதும் உலகின் கவனம் அதன் பக்கம் திரும்பியது. கார், மோட்டார் சைக்கிள் எனப் பரவிப் பிற்பாடு சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது.

விளிம்பு நனைந்தாலும் சேறு படிந்தாலும் ரப்பர் கட்டைக்குப் பிடிப்புக் குறையும். தட்டோ தரையிலிருந்து உயரத்தில் உள்ளது. அதிலுள்ள துளைகள் நீரை வழித்து வெளியேற்றும். எனவே மழையிலும் அது நன்றாகப் பிடிக்கும். இந்த நன்மைக்கு நாம் தரும் விலைதான் மிகக் குறுகிய இடைவெளி.

இடைவெளி ஏன் இவ்வளவு குறைவு?

தட்டுக்கும் ஒவ்வொரு பேடுக்கும் இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 'கொஞ்சம் தாராளமாக 2 மில்லிமீட்டர் விட்டிருந்தால் உரசலே வராதே!' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திரவத்தால் இயங்கும் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. லீவருக்குள் இருக்கும் சிறிய பிஸ்டனின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றும், காலிப்பரில் இருக்கும் பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பரப்புகளின் விகிதம் 2.2 × 2.2, அதாவது 4.84. சிறிய பிஸ்டனில் 100 நியூட்டன் விசை தந்தால், பெரிய பிஸ்டன் ஒவ்வொன்றிலும் 484 நியூட்டன் விசை பிறக்கும். விசை ஏறத்தாழ 5 மடங்காகிவிட்டது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் பெற்ற இலாபத்தை நகர்வில் இழக்க வேண்டும். பெரிய பிஸ்டன்கள் இரண்டும் 0.3 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால், சிறிய பிஸ்டன் 2 × 4.84 × 0.3, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர வேண்டும். பிரேக் லீவரும் ஒரு நெம்புகோல். அது தன் பங்குக்கு விசையை 5 மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் விரல் 15 மில்லிமீட்டர் நகர வேண்டும். இது வசதியான தூரம்.

இடைவெளியை 2 மில்லிமீட்டராக்கினால் என்ன ஆகும்? அதே கணக்குப்படி விரல் 97 மில்லிமீட்டர் நகர வேண்டும்! அதற்கு வெகு முன்பே லீவர் ஹேண்டில் பாரில் இடித்து நின்றுவிடும், பிரேக் பிடிக்காது. ஆகவே குறுகிய இடைவெளி என்பது செய்தவரின் கஞ்சத்தனம் அன்று. விசையைப் பெருக்கியதன் விளைவு.

ரப்பர் வளையத்தின் வேலை

பிரேக்கை விட்டதும் பேடுகள் எப்படிப் பின்வாங்குகின்றன? பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் சதுர வெட்டுமுகம் கொண்ட ரப்பர் வளையம் அமர்ந்திருக்கிறது. திரவம் கசியாமல் தடுப்பது அதன் முதல் வேலை. பிஸ்டன் முன்னே செல்லும்போது, அதைப் பற்றியிருக்கும் வளையம் சற்றுச் சாய்கிறது. அழுத்தம் நீங்கியதும் மீள்திறனால் நிமிர்கிறது; நிமிரும்போது பிஸ்டனையும் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

பேடு தேயத் தேயப் பிஸ்டன் மேலும் முன்னே வரவேண்டும். வளையம் சாயும் எல்லையைத் தாண்டியதும் பிஸ்டன் அதனுள் வழுக்கிச் சிறிது முன்னேறிவிடும். அதன்பின் அந்தப் புதிய இடத்திலிருந்துதான் அது பின்வாங்கும். இவ்வாறு தேய்மானம் தானாகவே ஈடுசெய்யப்படுகிறது.

இங்கேதான் ஒரு பொறி மறைந்திருக்கிறது. சக்கரம் கழற்றப்பட்ட நிலையில் யாரேனும் பிரேக் லீவரை அழுத்திவிட்டால், நடுவே தட்டு இல்லாததால் பிஸ்டன்கள் வழுக்கி நெடுந்தூரம் முன்னேறிவிடும். வளையம் இழுத்துக்கொள்வதோ வழக்கமான சிறு அளவுதான். பிறகு தட்டு உள்ளே நுழைய மறுக்கும். நுழைந்தாலும் இரு பக்கமும் உரசும். எனவே சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரை அழுத்தக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகி வைப்பது நல்ல பழக்கம்.

கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளில் திரவமோ வளையமோ இல்லை. அவற்றுள் பலவற்றில் ஒரு பேடு மட்டுமே நகரும். மற்றொன்று நிலையாக நிற்கும். நகரும் பேடு மெல்லிய தட்டைச் சற்று வளைத்து நிலையான பேடின் மேல் அழுத்தும். இத்தகைய பிரேக்கில் நிலையான பேடுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் கோணல்

இனி நம் கேள்விக்கு வருவோம். சக்கரத்தைக் கழற்றி மாட்டியதில் என்ன மாறியது?

ஃபோர்க்கின் இரு கால்களின் நுனியிலும் பிளவுகள் உள்ளன. அச்சின் இரு முனைகளும் அப்பிளவுகளின் அடி வரை சென்று அமர வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டும்போதோ சாய்த்துப் பிடித்து மாட்டும்போதோ, ஒரு முனை முழுதும் சென்று மறுமுனை 1 மில்லிமீட்டர் குறைவாக நின்றுவிடுவது எளிது. முன்ஃபோர்க்கின் கால்களுக்கு இடையே ஹப்பின் அகலம் வழக்கமாக 100 மில்லிமீட்டர். ஆகவே சக்கரம் 100க்கு 1 என்ற அளவில் சாய்ந்துவிடுகிறது. அச்சுக்கு மேல் 50 மில்லிமீட்டர் உயரத்தில் பேடுகள் இருப்பதாகக் கொண்டால், அங்கே தட்டு பக்கவாட்டில் 50/100, அதாவது அரை மில்லிமீட்டர் விலகும். பேடின் இடைவெளியோ அதைவிடக் குறைவு. உரசாமல் என்ன செய்யும்?

இதே சாய்வு 340 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் உச்சியில் 3.4 மில்லிமீட்டர் விலகலைத் தரும். ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே டயர் சமமாக நிற்கிறதா என்று பார்த்தால் இக்கோணல் கண்ணுக்கே தெரியும்.

சக்கரத்தை வெளியே தள்ளும் விசை

'அரை மில்லிமீட்டர்தானே? காலிப்பரை நகர்த்திவிட்டால் போகிறது' என்று எண்ண வேண்டாம். சரியாக அமராத முன்சக்கரத்தை டிஸ்க் பிரேக் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பல சைக்கிள்களில் முன்காலிப்பர் ஃபோர்க்கின் இடக்காலுக்குப் பின்புறம் இருக்கிறது. சைக்கிள் முன்னே செல்லும்போது தட்டின் பின்பகுதி மேல்நோக்கிச் செல்லும். அதைத் தடுக்கும் பேடுகள் தட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். அந்த விசை எவ்வளவு? வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 90 கிலோகிராம் என்க. சற்று வேகமாக நிறுத்தும்போது தரை டயரைப் பின்னோக்கி இழுக்கும் விசை 400 நியூட்டன் என்க. டயரின் ஆரம் 340 மில்லிமீட்டர். பேடுகள் அச்சிலிருந்து 75 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளன. இரு விசைகளின் திருப்புத்திறன்களும் சமமாக இருக்க வேண்டும். எனவே பேடுகள் தரும் விசை 400 × 340 / 75, அதாவது ஏறத்தாழ 1,800 நியூட்டன்.

தரை சக்கரத்தை மேல்நோக்கித் தாங்கும் விசை, முழு எடையும் முன்சக்கரத்தின் மேல் வந்துவிட்டாலும் 880 நியூட்டனைத் தாண்டாது. மிச்சம் 900 நியூட்டனுக்கும் மேல்! ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள மூட்டையை அச்சில் கட்டித் தொங்கவிட்டாற்போல, அது சக்கரத்தைக் கீழே திறந்திருக்கும் பிளவின் வழியே வெளியேற்றப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது ஃபோர்க்கைக் கவ்வியிருக்கும் பூட்டின் இறுக்கம் ஒன்றே. பூட்டு தளர்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும் அந்த வேளையில்தான் சக்கரம் இடம் பெயரும்.

இதற்காகவே பிளவுகளின் நுனியில் சிறு புடைப்புகள் வைத்திருக்கிறார்கள். பூட்டு தளர்ந்தாலும் சக்கரம் உடனே விழாமல் அவை தாங்கும். அவற்றை அராவி எடுத்துவிடக் கூடாது. அண்மைக்காலச் சைக்கிள்கள் பலவற்றில் பிளவே இல்லை; மூடிய துளை வழியே 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடிப்புள்ள அச்சைச் செருகித் திருகுகிறார்கள். அங்கே சக்கரம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் அமரும், வெளியேறவும் வழியில்லை.

செய்முறை

இப்போது வேலையைத் தொடங்கலாம். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு.

1. சைக்கிளை நேராக நிறுத்தி, இரு சக்கரங்களும் தரையில் பதியச் செய்யுங்கள். முன்சக்கரத்தின் பூட்டைத் தளர்த்துங்கள். ஹேண்டில் பாரை மெல்லக் கீழே அழுத்துங்கள். வண்டியின் எடையே அச்சைப் பிளவின் அடி வரை கொண்டுபோய்ச் சமமாக அமர்த்திவிடும். அந்த நிலையிலேயே பூட்டை இறுக்குங்கள். மூடிய துளையும் திருகும் அச்சும் உள்ள சைக்கிளானால் அச்சை முழுதும் திருகி இறுக்கினால் போதும்.

2. குயிக் ரிலீஸ் பூட்டை நட்டைப் போலச் சுழற்றி இறுக்கக் கூடாது. அதன் லீவரை மடக்கித்தான் பூட்ட வேண்டும். பாதி வழியில், அதாவது லீவர் அச்சின் நேர்க்கோட்டில் நிற்கும்போது, கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். முழுதும் மடக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். எதிர்ப்பில்லாமல் மடங்கினால் எதிர்ப்பக்க நட்டைச் சிறிது திருகிவிட்டு மீண்டும் மடக்குங்கள். லீவரைத் தட்டு இல்லாத பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. சூடான தட்டில் கை படாது.

3. பிரேக்கைச் சில முறை நன்றாக அழுத்தி விடுங்கள். பிஸ்டன்கள் தங்கள் இடத்திற்கு வரும். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உரசல் இங்கேயே மறைந்துவிடும். மறைந்தால் வேலை முடிந்தது. காலிப்பரைத் தொடவே வேண்டாம்.

4. ஓசை இன்னும் இருந்தால் அதன் இயல்பைக் கேளுங்கள். விடாமல் ஒரே சீராகக் கேட்டால் காலிப்பர் நடுவில் இல்லை என்று பொருள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை விட்டுவிட்டுக் கேட்டால் தட்டு நெளிந்திருக்கிறது என்று பொருள். காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, எதிர்ப்புறமிருந்து பார்த்தால் தட்டின் இரு பக்கமும் வெளிச்சக் கீற்றுகள் தெரியும். எந்தக் கீற்று மறைகிறதோ அந்தப் பக்கமே உரசுகிறது.

5. சீரான உரசலுக்கு மருந்து இது: காலிப்பரை ஃபோர்க்குடன் பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளை ஆலன் சாவியால், காலிப்பர் பக்கவாட்டில் அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். போல்ட் செல்லும் துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் அது நகர இடம் உண்டு. லீவரை இறுக அழுத்திப் பிடியுங்கள். பேடுகள் தட்டைக் கவ்வும். அதன் எதிர்விசையால் காலிப்பர் தானே நகர்ந்து தட்டுக்கு நேராக வந்துவிடும். லீவரை விடாமல், ஒரு போல்ட்டைச் சிறிது, மற்றொன்றைச் சிறிது என மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றையே முழுதும் இறுக்கினால் போல்ட்டின் தலை உராய்வினால் காலிப்பரைத் தன்னுடன் திருப்பிவிடும். கேபிள் பிரேக்கானால் நிலையான பேடை அதன் திருகினால் தட்டுக்கு அருகே கொண்டுவந்து, பிறகு இதையே செய்யலாம்.

இறுக்கம் பெரும்பாலும் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் ஏறத்தாழ 7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. உங்கள் சைக்கிளுக்குரிய கையேட்டில் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

6. பிஸ்டன்கள் அதிகமாக முன்னேறியிருந்தால், சக்கரத்தைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலைச் செருகி மெல்லப் பின்னே தள்ளுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

7. தட்டு நெளிந்திருந்தால், நெளிவு இருக்கும் இடத்தில் அடையாளமிட்டு, எண்ணெய்ப் பசை இல்லாத சுத்தமான ஸ்பானரால் பிடித்து மிக மெல்ல வளைத்து நிமிர்த்த வேண்டும். எஃகு மீள்திறன் உள்ளது. சிறிது வளைத்தால் பழைய நிலைக்கே திரும்பும், எல்லை தாண்டினால் எதிர்ப்பக்கம் நெளியும். பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே மேல். தட்டு தேய்ந்து 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அதை மாற்ற வேண்டியதுதான்.

எச்சரிக்கைகள் மூன்று. சுழலும் தட்டின் அருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். அதன் துளைகள் கத்தரிக்கோலைப் போல வெட்டும். ஓசையை நிறுத்த எண்ணெய் விடாதீர்கள். உரசல் ஓசையோடு பிரேக்கும் போய்விடும். திரவ பிரேக் உள்ள சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள்; காற்றுக் குமிழ் குழாய்க்குள் புகலாம்.

உரசல் எவ்வளவு ஆற்றலைத் தின்னும்?

எல்லா உரசலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மெல்லிய உரசலில் பேடு 2 நியூட்டன் விசையால் தட்டைப் பின்னிழுக்கிறது என்க. டயரின் விளிம்பில் அது 2 × 75 / 340, அதாவது அரை நியூட்டனுக்கும் குறைவு. 90 கிலோ எடையுடன் உருளும் டயர்களின் எதிர்ப்பே ஏறத்தாழ 5 நியூட்டன் இருக்கும். ஆகவே காதுக்குப் பெரிதாகத் தோன்றும் ஓசை காலுக்குத் தெரியாது. நீண்ட இறக்கத்தில் சூடேறிய தட்டு சற்றே நெளிந்து உரசினாலும், ஆறியதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

உரசும் விசை 20 நியூட்டன் ஆனால் கதை வேறு. டயரில் அது 4.4 நியூட்டன், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 22 வாட் திறன் வெறுமனே வெப்பமாகிறது. சாதாரணமாக ஓட்டுபவர் மிதித்துத் தரும் திறன் 100 வாட் அளவில்தான் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. பேடும் தேய்கிறது.

இதை நீங்களே அளக்கலாம். உரசும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வு இருக்கும் இடத்தைக் கவனித்து, 10 வினாடிக்கு ஏறத்தாழ 20 சுற்று என்ற வேகம் வரச் சுழற்றி விடுங்கள். நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்த பின் அதே வேகத்தில் சுழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். தடுக்கும் உராய்வு இரு மடங்கானால் நிற்கும் நேரம் பாதியாகும். சோதனைச்சாலை இல்லாமலே ஒரு நல்ல இயற்பியல் பரிசோதனை ஆயிற்று!

சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படும் முன் இன்னொன்று செய்யுங்கள். பூட்டு இறுகியிருக்கிறதா என்று மீண்டும் ஒரு முறை பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி உள்ளங்கையால் மேலிருந்து தட்டுங்கள். அது அசையக் கூடாது. பிறகு தெருவில் மெல்ல ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஓசை நின்றிருக்கும். அது சக்கரம் சரியாக அமர்ந்ததால் நின்றதா, காலிப்பரை நகர்த்தியதால் மட்டும் நின்றதா என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.